கூடின எடைக்குக் கொப்பரை

மைனி,

காலையில் அடுக்களையில் ஏத்தங்காய்ப் பொடிக் கஞ்சி கொதித்தது. இப்போது மத்தியானம் கழிந்துவிட்டது. மணம் இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை. கருப்பட்டி சேர்ந்து அது கெட்டிப்படும்போது வரும் மணம் ஊருக்கெல்லாம் பிடிக்கும். எனக்கு மட்டும் ஆகாது. உங்கள் ஆஸ்பத்திரி வீட்டு வாசலை மிதிக்கும்போதெல்லாம் என் முகத்தில் வந்து அடித்த மணம் அது. நேந்திரங்காயை உலர்த்தி இடித்த அந்தப் பொடியை இந்த வீட்டுக்குள் நான் இதுவரை வரவிட்டதே இல்லை. இன்று கஞ்சி காய்ச்சினவள் நேசம். நான் பெற்று, நீங்கள் வளர்த்து, உங்களை அடக்கம் செய்த அன்று ‘எனக்க அம்மையே’ என்று உங்கள் பெட்டியின் மேல் விழுந்து அழுதவள்.

நீங்கள் போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. செத்தவர்களைக் குறை சொல்லக் கூடாது என்பார் எங்கள் உபதேசியார். சொல்லட்டும். அடக்க ஆராதனையில் அவர் உங்களைப் ‘பல பிள்ளைகளுக்குத் தாய்’ என்று புகழ்ந்தபோது நானும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். இன்று உங்களை ‘நீ’ என்றே எழுதிவிடுவது என்று காகிதத்தை எடுத்தேன். முதல் வரியிலேயே கை மறுத்துவிட்டது. வீட்டுக்காரரின் மூத்த சகோதரி. மரியாதை எலும்பில் ஏறிப்போயிருக்கிறது.

நேசத்தின் புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலையாக இருக்கிறான். நீங்கள் இல்லாத வீட்டில் அவள் தனியாக எப்படி இருப்பாள்? கைப்பிள்ளையோடு இங்கே வந்திருக்கிறாள். பையனுக்கு எட்டு மாதம் தாண்டிவிட்டது. வந்த நாளிலேயே கொப்பரை போட்டு வைக்கும் புரையில் தொங்கும் பெரிய தராசைப் பார்த்துவிட்டாள். மாமா காலத்துத் தராசு. உங்கள் அப்பாவின் தராசை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அதில் அவள் மாதாமாதம் பிள்ளையை வைத்துப் பார்க்கிறாள் என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். போன மாதம் பிள்ளைக்கு எதிர்த்தட்டில் வைத்த கொப்பரையைக் கூடையில் தனியாக எடுத்து வைத்திருக்கிறாள். இன்று அதையே மறுபடி தட்டில் கொட்டினாள். பிள்ளை இருந்த தட்டு கொஞ்சம் இறங்கியது. ஒரு முறி, அரைத் தேங்காய்க் கொப்பரை, கூடப் போட்டாள். முள் நேராக நின்றுவிட்டது. அவ்வளவுதான் கூடுதல். அவள் முகம் போன போக்கைக் கதவோரம் நின்று பார்த்தேன். அது என் முகம்.

அடுக்களைக்குப் போய்க் கஞ்சிக்கு உலை வைத்தாள்.

மைனி, நான் திருவட்டாற்றுப் பக்கத்திலிருந்து இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது இங்கே எனக்கு யாரையும் தெரியாது. மாமி, உங்கள் அம்மா, முன்னாலேயே காலமாகிவிட்டார். முற்றம் முழுக்கப் பாயில் கொப்பரை காயும்; காக்கை விரட்டுவதே எனக்கு முதல் வேலை. மாமாவுக்கு வியாபாரம், அவர் மகனுக்கு மாமா சொன்னதெல்லாம் வேதவாக்கு. சனிக்கிழமைதோறும் வெள்ளைச் சேலையும் கறுப்புக் குடையுமாக மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து நீங்கள் வருவீர்கள். கல்யாணமான வருஷமே தாலியறுத்தவர் என்றும், அதன்பிறகு நர்ஸ் வேலை படித்துத் தன் காலில் நின்றவர் என்றும் ஊரே உங்களைப் பெருமையாகப் பேசும். குடையை மடக்குமுன் என்னைப் பார்த்துக் கேட்பீர்கள்: “வல்லதும் தின்னியா மக்கா?” ஏதாவது சாப்பிட்டாயா என்று இந்த வீட்டில் என்னைக் கேட்ட ஒரே ஆள் நீங்கள். அதனால்தான் இத்தனை வருஷமாகியும் ஆறவில்லை. எனக்கு வேண்டாதவர்கள் யாராவது நீங்கள் செய்ததைச் செய்திருந்தால் மண்ணை வாரித் தூற்றிவிட்டு மறந்திருப்பேன்.

எனக்கு நாள் கழித்துத்தான் பிள்ளை தரித்தது. அதற்காக மாமா எங்கள் சபைக் கோவிலில் ஒரு பொருத்தனை செய்திருந்தார். மற்றவர்கள் ஆடு, கோழி, வாழைக்குலை என்று நேர்ந்துகொள்வார்கள். மாமா வியாபாரி இல்லையா, கடவுளிடமும் எடைபோட்டுத்தான் பேசினார். பிள்ளை பிறந்தால் ஒரு வயது நிறைகிறவரை மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அதைத் தராசில் வைப்பது. போன மாதத்தைவிட எவ்வளவு கூடியிருக்கிறதோ அந்த எடைக்குக் கொப்பரை காணிக்கை. ஆராதனை முடிந்ததும் கோவில் முற்றத்தில் அதை ஏலம் விடுவார்கள். சபையே நின்று பார்க்கும்.

நேசம் பிறந்தபோது என் முதுகைத் தாங்கிப் பிடித்திருந்தது நீங்கள்தான். அவளை முதலில் குளிப்பாட்டியதும் நீங்கள்தான். பிறகு வந்த மாதங்களில் அவள் வளர்ந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். மாதத்துக்கு ஒரு சட்டை சிறியதாகிப் போகும். தொடையில் மடிப்பு, மணிக்கட்டில் மடிப்பு. முதல் மாதங்களில் காணிக்கைக் கூடை நிறைந்துவிடும்; வேலையாள் அதைத் தூக்கி வருவான். மாமா அதன் பின்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பார். கொப்பரையைப் பார்த்தே பெண்கள் என்னிடம் வந்து, என்ன தின்கிறாய் என்று கேட்டார்கள். நானும் பெருமைப்பட்டேன். ஏன் படக் கூடாது? அது என் பால்.

அரை வருஷம் ஆனதும் அவள் உருளத் தொடங்கினாள். பிறகு தவழ்ந்தாள். கொப்பரைப் பாய்களுக்கு நடுவே புகுந்து காக்கையைத் துரத்துவாள். மார்பில் போட்டால் நாலு வாய் குடிப்பாள். எங்கேயாவது ஒரு மாட்டு வண்டிச் சத்தம் கேட்டால் போதும், தலையைத் திருப்பிக்கொள்வாள். தொடை மடிப்புகள் இளகின. கண் பளபளவென்று இருந்தது, சிரித்தாள், கதவைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்த்தாள். எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. தராசுக்குத்தான் தெரிந்தது. கூடை பாதியானது. பிறகு கால்கூடையானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா காணிக்கையைக் கையிலேயே கொண்டுபோனார், இரண்டு முறி. ஏலத்தில் ஒருவர், “வியாபாரிக்க பேத்தி இந்த மாசம் சட்னிக்குத்தான் கூடியிருக்கா” என்று சொல்ல, சிரிப்பு சுவருக்கு மேலே போனது. மாமா சிரிக்கவில்லை.

அன்று நீங்களும் வந்திருந்தீர்கள். வீட்டுக்கு வந்ததும் மாமா மறுபடியும் தராசு போட்டார், கோவிலுக்குப் போய்வரும் நேரத்தில் பிள்ளை வளர்ந்திருக்கும் என்பதுபோல. முள் அதையேதான் காட்டியது. கொப்பரை வியாபாரத்தில் அவருக்கு ஒரு பாடம் தெரியும்: எடை பிசகினால் சரக்கைக் குற்றம் சொல்லாதே, சரக்கு வந்த இடத்தைப் பார். அவர் என்னைப் பார்த்தார். பிறகு உங்களைப் பார்த்துக் கேட்டார், நீ ஆஸ்பத்திரியில் எத்தனையோ பிள்ளைகளைப் பார்க்கிறாயே, இது எதனால் என்று.

அந்த நேரத்தை நான் விடவே மாட்டேன் மைனி. நீங்கள் நேசத்தை வாங்கினீர்கள். தொடையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தீர்கள். அவள் உங்கள் குடைக் கைப்பிடியை வாயில் வைத்தாள், நீங்கள் சிரித்தீர்கள். அப்புறம் என்னைப் பார்த்தீர்கள், தரையைப் பார்த்தீர்கள். “பாலுக்குக் கனம் போதாது போல” என்றீர்கள். கொஞ்சம் நிறுத்தி, “நாலு நாளு எனக்குத் தாருங்க, டின் பாலு குடுத்துத் தேத்தித் தாறேன்” என்றீர்கள்.

போல. அந்த ஒரு சொல்லை நீங்கள் ஒளிந்துகொள்ளும் இடமாக வைத்துக்கொண்டீர்கள். மாமாவுக்கு அது தேவைப்படவில்லை. தொட்டில் துணியோடு பிள்ளையை உங்கள் கையில் கொடுக்கச் சொன்னார். என் வீட்டுக்காரர் வண்டி பிடிக்கப் போனார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? உங்களுக்குத் தெரியும், நீங்கள்தான் எதிரில் நின்றீர்கள். உங்கள் கையைப் பிடித்து, மைனி நீங்கள் நல்லாயிருக்க வேண்டும் என்று சொன்னேன். பிள்ளையைக் காப்பாற்ற வந்தவர் என்று நம்பி நன்றி சொன்னேன். அதை நினைக்கும்போது வருகிற எரிச்சல் வேறு எதற்கும் வருவதில்லை.

பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகிப் போனது. கனமில்லாத பால், அந்தப் பாடு படுத்தியது. அடுத்த வீட்டுக்காரி பிச்சிப்பூவை அரைத்து வைத்துத் துணியால் கட்டிவிட்டாள், பால் வற்றுவதற்கு. பூ வைக்கும் வயதில் பூவை அப்படிக் கட்டிக்கொண்டு படுத்திருந்தேன். அதன்பிறகு நான் பிச்சி சூடியதில்லை.

நாலு நாள் நாலு வாரமானது. நான் பார்க்க வரும்போதெல்லாம் அந்த ஏத்தங்காய்க் கஞ்சி மணம். உங்கள் மடியில் அவள். பல் முளைக்கிறது, இப்போது இடம் மாற்ற வேண்டாம் என்றீர்கள். மணல்வாரி அம்மை போட்டிருக்கிறது, தேறட்டும் என்றீர்கள். தராசில் வைக்க ஒருமுறை கொண்டுவரச் சொன்னார் மாமா. ஆஸ்பத்திரித் தராசு இருக்கும்போது கொப்பரைத் தராசு எதற்கு என்று மறுத்துவிட்டு, நல்ல ஏற்றம் என்று வாயால் சொல்லி அனுப்பினீர்கள். மாமா அதை நம்பிக் கூடை நிறையக் காணிக்கை கொண்டுபோனார். உங்களிடத்திலும் அவள் மெல்லத்தான் ஏறியிருப்பாள். கடவுளிடமும் சேர்த்துப் பொய் சொன்னீர்கள்.

எனக்குத் தெரியவந்தது என் அடுத்த பிள்ளை தானியேல் பிறந்த பிறகு. அவனை நான் தராசுப் பக்கமே கொண்டுபோகவில்லை. அவனுக்கு ஏழெட்டு மாதமானபோது தொடை இளகுவதைப் பார்த்தேன். பயந்துபோய், யாருக்கும் சொல்லாமல் அவனைத் தூக்கிக்கொண்டு உங்களிடமே ஓடி வந்தேன். அப்போதும் உங்களைத்தான் நம்பினேன். பிள்ளைகளைப் பார்க்கிற நாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் கூட்டம். தூணுக்கு இந்தப் பக்கம் நின்றேன். அந்தப் பக்கம் உங்கள் குரல் கேட்டது. இனயம் கடற்கரையிலிருந்து வந்த ஒருத்தி, பிள்ளைக்கு எடை ஏறவில்லை, என் பால் ஆகாது போலிருக்கிறது என்று அழுதுகொண்டிருந்தாள். நீங்கள் அவளிடம் சொன்னது ஒரு எழுத்து விடாமல் எனக்குள் இருக்கிறது.

“பேடிக்காத ஏட்டி. முதல்ல நாலஞ்சு மாசம் பிள்ள வயித்துக்குள்ள வளந்த அதே வேகத்துல வளரும். கொழுப்பையும் அப்பமே சேத்து வெச்சுக்கும், குளிருக்கும் நோவுக்கும். பின்ன அந்த வேகம் தானா அடங்கும். இப்பம் உருளுகு, தவழுகு, எழும்பி நிக்குகு. குடிக்கதுல பாதி அந்த வேலைக்குப் போயிரும். எல்லாப் பிள்ளையளும் இப்பிடித்தான். முதல்ல ஏறினதுபோல ஏறிட்டே இருந்தா, ரெண்டு வயசுல நீ அத எடுப்பியா, அது உன்ன எடுக்குமா? எடை கீழ இறங்கினா ஓடி வா. மெல்ல ஏறினா, பாலக் குடுத்துட்டு சும்மா இரி.”

அவள் அழுகைக்கு நடுவே சிரித்தாள். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். வாராவாரம் சொல்லிப் பழகிய பேச்சு என்பது கேட்டாலே தெரிந்தது. எங்கே நிறுத்தினால் சிரிப்பார்கள் என்பதுகூட உங்களுக்குத் தெரிந்திருந்தது. தூணைச் சுற்றி வந்தேன். உங்கள் இடுப்பில் நேசம் இருந்தாள். என்னைப் பார்த்ததும் உங்கள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

கடற்கரையிலிருந்து வந்த முன்பின் தெரியாத பெண்ணுக்கு அந்தப் பேச்சைக் கொடுத்தீர்கள். வராந்தாவில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கொடுத்தீர்கள். கூடப் பிறந்தவனின் மனைவி, உங்கள் கையைப் பிடித்து நன்றி சொன்னவள், எனக்கு மட்டும் கொடுக்கவில்லை.

கூட்டம் கலைந்தபின் கேட்டேன்: “மைனி, இத எனக்கு ஏன் சொல்லல்ல?”

நேசத்தின் சட்டை ஓரத்தை நீவிக்கொண்டே, “உனக்கு இனியும் பிறக்குமே” என்றீர்கள். என் இடுப்பில் இருந்த தானியேலைக் காட்டி, “பிறந்திருக்கே” என்றும் சொன்னீர்கள். மறந்துவிட்டேன் என்றாவது, அன்று எனக்கு அது தெரியாது என்றாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நான் அதையும் நம்பித் தொலைத்திருப்பேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அக்கா பாவம், தனிக்கட்டை என்றார். அந்த வாரமே நான் போய் நேசத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன். முற்றத்து வாசலைப் பிடித்துக்கொண்டு அவள் உங்களைக் கூப்பிட்டு அழுத அழுகையில் முகம் நீலம் பாரித்துப்போனது. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பெற்றவள் நான், என்னைப் பார்த்துப் பயந்து அழுதது என் பிள்ளை. நானே திரும்பக் கொண்டுவந்து விட்டேன். நீங்கள் வாசலிலேயே நின்றிருந்தீர்கள், வருவேன் என்று தெரிந்ததுபோல. அவளுக்கு என்னை ‘மாமி’ என்று சொல்லிக் கொடுத்தீர்கள். வளர்ந்தபின் விவரம் தெரிந்தும் அவள் நாக்கு திரும்பவில்லை. அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

இதெல்லாம் என்னோடு போகட்டும் என்றுதான் இருந்தேன். உங்களை அடக்கம் செய்த அன்று மனதுக்குள் ஒரு கதவைச் சாத்தவும் செய்தேன். இன்று காலை நேசம் கஞ்சியைக் கிண்டிக்கொண்டே, இனி பிள்ளைக்குப் பால் நிறுத்திவிடப் போகிறேன் என்றாள். ஏன் என்றேன். திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

“உங்களுக்குப் பாலு கனம் இல்லாமத்தானே அம்மை என்னக் கொண்டுபோச்சு? அந்தக் கோளாறு எனக்கும் வந்திருக்கும், இல்லியா மாமி?”

என்னிடம் சொன்ன பொய்யை நீங்கள் அவளிடமும் சொல்லி வளர்த்திருக்கிறீர்கள். பிள்ளையை வாங்கிக்கொண்டது போதவில்லை. நான் உடம்பில் குறை உள்ளவள் என்று என் பிள்ளையே நம்ப வேண்டியிருந்தது உங்களுக்கு. இப்போது அந்தக் குறை தனக்கும் இருப்பதாக எண்ணிக்கொண்டு அவள் மார்பைக் கட்டப் போகிறாள்.

அடுப்பிலிருந்து சட்டியை இறக்கி வைத்தேன். கஞ்சி கொடு, அது நல்லதுதான். பாலை நிறுத்தாதே என்றேன். பிறகு, உங்கள் பேச்சை எடுத்துச் சொன்னேன். வயிற்றுக்குள் வளர்ந்த வேகம், சேர்த்து வைத்த கொழுப்பு, தவழுவதற்குப் போகிற பாதி, எல்லாவற்றையும் சொன்னேன். நீ எடுப்பாயா, அது உன்னை எடுக்குமா என்ற இடத்தில் நிறுத்தினேன். அவள் சிரித்தாள். நீங்கள் நிறுத்துகிற அதே இடம்.

“இது ஆரு சொன்னா?” என்று கேட்டாள்.

“உனக்க அம்மை.”

அவள் முகம் விரிந்தது. கண் நிறைந்துவிட்டது. “அம்மை உங்ககிட்ட சொல்லிச்சா?”

ஆமாம் என்றால் முடிந்தது. உங்கள் நினைவு அவளுக்கு வெள்ளைச் சேலைபோல அப்படியே இருந்திருக்கும். பிள்ளையும் பால் குடித்திருக்கும். ஒரு தலையாட்டல் போதும். ஆனால் இத்தனை வருஷம் நான் சுமந்தது உங்களைக் காப்பாற்றுவதற்கு இல்லை மைனி.

“இல்ல மக்கா. வேற ஒருத்திகிட்ட சொல்லிச்சு. நான் தூணுக்குப் பின்னால நின்னு கேட்டேன். நீ அப்பம் அம்மைக்க இடுப்புல இருந்த.”

அவள் இறக்கி வைத்த சட்டியைப் பார்த்தாள். என்ன கணக்குப் போட்டாளோ, எதை எதோடு சேர்த்துப் பார்த்தாளோ, நான் கேட்கவில்லை. புரைக்குப் போனாள். தட்டில் கிடந்த கொப்பரையை அள்ளிச் சாக்கில் கொட்டிவிட்டு, பிள்ளையை மடியில் போட்டு முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். அவன் குடிக்கிற சத்தம் கேட்டது. ஒரு காக்கை கரைந்ததும் வாயை எடுத்துத் தலையைத் திருப்பினான், பிறகு மறுபடியும் குடித்தான்.

உங்கள் பேச்சு என்னிடம் இருக்கிறது. பயந்து வருகிற எந்தப் பெண்ணுக்கும், அவள் கேட்கும் முன்பே அதைச் சொல்லிவிடுகிறேன். யார் சொன்னது என்று கேட்டால் உங்களைத்தான் சொல்கிறேன். திருட்டுச் சொத்து எனக்கு வேண்டாம். உங்களை மன்னித்துவிட்டேன் என்று இந்தக் கடிதத்தை முடிக்கத்தான் உபதேசியார் சொல்வார். அது இன்னும் வரவில்லை.

வெயில் தாழ்ந்துவிட்டது. முற்றத்துக் கொப்பரையை நேசமும் நானும் சேர்ந்துதான் அள்ளினோம். கூடை வேண்டும் என்றால் கையை நீட்டினாள், நான் கொடுத்தேன். காலையில் அதைக் கேட்டதிலிருந்து அவள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை மைனி. மாமி என்றுகூட.